கீசர் டைமரில் அணையும் நேரம்தான் முக்கியம்

"கீசரை அணைத்து அணைத்துப் போட்டால்தான் கரண்ட் அதிகம் இழுக்கும். போட்டபடியே விட்டால் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும்." கீசர் மாட்ட வரும் எலக்ட்ரீஷியன்கள் சிலரே இப்படிச் சொல்வதுண்டு. (நீர் குறித்த சூட்டை எட்டியதும் கீசரைத் தானாக நிறுத்துவதுதான் தெர்மோஸ்டாட்.) டேங்க் உள்ள கீசரைப் பொறுத்தவரை இது தவறு. ஆனால் டைமர் மாட்டிவிட்டாலே பில் குறைந்துவிடும் என்பதும் பாதி உண்மைதான்.

கீசரின் காயில் தான் எடுக்கும் மின்சாரம் முழுவதையும் வெப்பமாக்கித் தண்ணீருக்குள் விடுகிறது. குளிர்ந்த நீரைச் சூடாக்கும்போதும் அப்படித்தான், சூடு குறைந்த நீரை மீண்டும் ஏற்றும்போதும் அப்படித்தான். ஆகவே மொத்தச் செலவில் இரண்டே பகுதிகள்: நீங்கள் குழாயில் திறந்து எடுத்த வெப்பம், டேங்கின் சுவர் வழியே குளியலறைக் காற்றுக்குப் போன வெப்பம். முதலாவது எப்படியும் வேண்டும். இரண்டாவது, டேங்க் நீருக்கும் அறைக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. வித்தியாசம் பாதியானால் இழப்பும் பாதியாகும். டேங்கில் பச்சைத் தண்ணீர் இருந்தால் இழக்க ஒன்றுமே இல்லை.

கணக்காகப் பார்ப்போம். 1 லிட்டர் நீரை 1 டிகிரி ஏற்ற 1.163 வாட்-மணி வேண்டும் (1000 வாட்-மணி ஒரு யூனிட்). 15 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர 0.56 யூனிட் ஆகும். 2000 வாட் காயிலுக்கு அது 17 நிமிட வேலை. ஊட்டியின் குளிரில் 12 டிகிரி நீர் வந்தால் 25 நிமிடம்.

இழப்பு எவ்வளவு என்பதை கீசர் மேல் ஒட்டியிருக்கும் பி.இ.இ. (மத்திய அரசின் மின்சிக்கன அமைப்பு) நட்சத்திர முத்திரையே சொல்லும். 45 டிகிரி வித்தியாசத்தில் 24 மணி நேரத்தில் எத்தனை யூனிட் வெப்பமாகக் கசிகிறது என்ற எண் அதில் இருக்கும். நட்சத்திரங்கள் தரப்படுவதும் இதை வைத்துத்தான். அந்த எண் 0.6 என்று வைத்துக்கொள்வோம். 60 டிகிரி நீர், 30 டிகிரி அறை என்றால் நாள் முழுக்கப் போட்டு வைப்பதில் 0.4 யூனிட் வீண். இரண்டு மாதத்துக்கு 24 யூனிட்.

இந்த 0.4 பெரிதா, சிறிதா? ஒருவர் 20 லிட்டர் வாளி நிறைய 40 டிகிரி நீரில் குளிக்க 0.28 யூனிட் போதும். நான்கு பேர் வீட்டில் குளியலுக்கு 1.1 யூனிட் போகிறது, கசிவு அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். தனியாக இருப்பவருக்கோ குளிக்கும் செலவைவிடக் கசிவே அதிகம். கீசரை எப்போதும் போட்டு வைப்பதால் கூடுதலாக நஷ்டப்படுபவர், குறைவாக வெந்நீர் எடுப்பவர்தான்.

பலர் டைமரை எப்போது போடுவது என்று யோசிக்கிறார்கள். அணைக்கும் நேரத்தை அவ்வளவாக யோசிப்பதில்லை. சேமிப்பு இருப்பதோ அங்கேதான். கடைசி ஆள் குளித்த பிறகும் கீசர் ஓடினால், புதிதாக நிரம்பிய 15 லிட்டரையும் 60 டிகிரிக்கு ஏற்றிவிட்டுத்தான் நிற்கும். யாரும் தொடாத அந்த நீர் மறுநாள் காலையில் 45 டிகிரி அளவுக்கு இறங்கியிருக்கும்; 0.26 யூனிட் காற்றோடு போயிருக்கும். டைமர் இருந்தும் கசிவில் மூன்றில் இரண்டு பங்கு அப்படியே நடக்கிறது. மாறாக, கடைசி ஆள் குளிக்கப் போகும்போதே கீசர் அணைந்திருந்தால், அவர் சூட்டை எடுத்துக்கொள்வார், டேங்கில் பச்சைத் தண்ணீர் ஏறும், அடுத்த நாள் வரை இழப்பு மிகக் குறைவு.

60 டிகிரி நீரில் ஒரு வாளிக்கு 7.5 லிட்டர் வேண்டும், மீதி பச்சைத் தண்ணீர். 15 லிட்டர் டேங்க் ஏறக்குறைய இரண்டு பேருக்கு வரும். நான்கு பேர் 5.30 முதல் 7 மணிக்குள் குளிக்கும் வீட்டில் 5.10-க்குப் போட்டு 6.30-க்கு அணையும்படி வைத்துப் பாருங்கள். கடைசி ஆளுக்குச் சூடு போதவில்லை என்றால் அணையும் நேரத்தை 10 நிமிடம் தள்ளுங்கள். அடுத்தடுத்துக் குளிப்பதும் நல்லது. இடைவெளி விட்டால் குழாயில் நிற்கும் வெந்நீர் ஒவ்வொரு முறையும் ஆறிப்போகும்.

மிச்சம் பிடிக்க வேண்டும் என்று தெர்மோஸ்டாட்டை 40 டிகிரிக்கு இறக்கி வைக்காதீர்கள். நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி 25 முதல் 45 டிகிரி வரை செழித்து வளரும், 60-இல் மடியும். ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தால் முழுச் சூடு ஏற்றிய பிறகே நீரைத் திறக்க வேண்டும். அதற்காக 75-க்கு ஏற்றவும் வேண்டாம். சூடு கூடக் கூட, போர் தண்ணீரில் உள்ள உப்பு காயிலில் வேகமாகப் படியும். படிந்த உப்பு மின் செலவைப் பெரிதாகக் கூட்டாது, வெப்பம் எப்படியும் நீருக்குத்தான் போகிறது. ஆனால் சூடு சட்டென்று வெளியேற முடியாமல் காயிலின் உறை அளவுக்கு மீறிச் சூடேறி விரிசல் விடும், நீரில் மின் கசியும், மின்கசிவு கண்டால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் விழும். 60 டிகிரி நீர் சில நொடிகளில் தோலைச் சுட்டுவிடும் என்பதால், வாளியில் முதலில் பச்சைத் தண்ணீரைத்தான் பிடிக்க வேண்டும்.

டைமர் வாங்கும்போது 16 ஆம்பியர் என்று குறித்திருப்பதையே வாங்குங்கள். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். மின்னழுத்தம் 250-ஐத் தொட்டால் 9.5 ஆகும். 10 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கில் இதைத் தினமும் ஓட்டினால் உள்ளே தொடர்பு முனைகள் தீயும். பிளக் பின் கறுத்திருந்தால், சாக்கெட் தளர்ந்திருந்தால், முதலில் சாக்கெட்டை மாற்ற வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கீசரை ஓட்டவே கூடாது. சுற்றும் வட்டு கொண்ட டைமர் கரண்ட் போனால் நின்றுவிடும், ஒரு மணி நேரம் மின்தடை என்றால் மறுநாள் ஒரு மணி நேரம் தாமதமாகப் போடும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமருக்கு இந்தத் தொல்லை இல்லை.

தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடுகிறது. 510, 520 என்று வரும் வீடுகளில் இந்த 24 யூனிட்டை மிச்சம் பிடித்தாலே கணக்கு 500-க்குக் கீழே இறங்கிவிடும். மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் உள்ளவர்கள், அதன் மின்சாரக் காயிலை அதிகாலையில் மட்டும், அதுவும் மேகமூட்டமான நாளுக்கு அடுத்த காலையில் மட்டும் போட்டால் போதும். குளித்து முடித்த பிறகும் அது ஓடினால் டேங்க் ஏற்கெனவே சூடாக இருக்கும், பகல் வெயிலால் அதில் சேர்க்க அதிகம் இருக்காது.