கௌரவ டாக்டர் பட்டத்துக்கு யாரும் காசு கட்ட வேண்டியதில்லை

போன வாரம் சுங்கை சிப்பூட்டில் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். முப்பது வருஷமாகத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் பெரியவர் ஒருவர் கைப்பேசியை நீட்டினார். வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம். மேலே தங்க முத்திரை, ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர், 'உங்கள் சமூக சேவைக்குக் கௌரவ டாக்டர் பட்டம்' என்று ஒரு வரி, அங்கி அளவு கேட்டு ஒரு கட்டம், அதற்கும் கீழே சின்ன எழுத்தில் 4,500 ரிங்கிட்.

"இது நெசந்தானா தம்பி?"

இல்லைங்க ஐயா என்றேன். அவர் முகம் வாடியதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கௌரவப் பட்டம் படித்து வாங்குவது இல்லை. ஒருவருடைய வாழ்நாள் உழைப்பைப் பார்த்துப் பல்கலைக்கழகம் தானாகத் தேடி வந்து கொடுப்பது. ஆக்ஸ்ஃபர்டில் 15ஆம் நூற்றாண்டிலேயே இந்த வழக்கம் இருந்தது. 1940இல் தாகூருக்குக் கொடுத்தபோது அவரை லண்டன் பக்கம் வரச் சொல்லவில்லை; ராதாகிருஷ்ணன் உள்ளிட்ட பிரதிநிதிகள் சாந்திநிகேதனுக்கே போய், அவர் இருந்த இடத்தில் வைத்துக் கொடுத்தார்கள்.

நம் மலேசியாவின் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டத்தின் கீழ், அதாவது அவுக்குவின் (AUKU) கீழ் இயங்குகின்றன. அறிவை வளர்த்தவர்கள், பரப்பியவர்கள், சிறந்த பொதுச் சேவை செய்தவர்கள், இவர்களுக்குத்தான் இந்தப் பட்டம். பல்கலைக்கழகத்தின் கல்விக் குழுவான செனட் பெயரைப் பரிசீலிக்கும், பட்டமளிப்பு விழாவில் வேந்தர் வழங்குவார். மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு வேந்தர் நம் பேராக் சுல்தான்தான்.

பல்கலைக்கழகத்துக்கும் இதில் பலன் உண்டு. பட்டம் வாங்கும் பிள்ளைகள் முன்னால், நாங்கள் மதிப்பது இப்படிப்பட்ட வாழ்க்கையை என்று காட்டலாம். பெரிய மனிதர்களோடும் நன்கொடையாளர்களோடும் உறவு வளரும். இதெல்லாம் வேண்டாம் என்று அமெரிக்காவின் எம்ஐடி கௌரவப் பட்டமே கொடுப்பதில்லை, எனக்கு அந்தப் பிடிவாதம் பிடிக்கும்.

சரி, வாங்கினால் என்ன கிடைக்கும்? மரியாதை மட்டும்தான். இதைக் காட்டி வேலைக்கு மனுப் போட முடியாது, ஆய்வு செய்து வாங்கிய முனைவர் பட்டத்துக்கு இது ஈடாகாது. பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக்கொள்ள வேண்டாம் என்று பல பல்கலைக்கழகங்கள் வாங்குபவர்களிடமே சொல்லிவிடுகின்றன.

பெரியவர் அந்த எண்ணை அங்கேயே பிளாக் செய்தார். பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் முன்பணமாக 500 கட்டிவிட்டாராம். உங்களில் யாராவது இப்போதுதான் பணம் அனுப்பியிருந்தால், நேரம் கடத்தாமல் தேசிய மோசடிப் புகார் மையத்தின் (NSRC) 997 எண்ணுக்கு அழையுங்கள். அப்புறம் வங்கி ரசீதையும் அந்த வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு போய் போலீஸில் புகார் கொடுங்கள்.