கப்பலில் மேசை பதிவு செய்யும் முன்

அந்த அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். அரக்கு நிறப் பட்டுப்புடவையில், கணவருக்கு எதிரே அமர்ந்திருந்தார். அன்று அவர்களுடைய திருமண நாள். அமெரிக்காவில் இருக்கும் மகன், பயணத்துக்கு நான்கு மாதம் முன்பே கப்பலின் ஸ்டேக் (தடித்த மாட்டிறைச்சித் துண்டு) உணவகத்தில் இரண்டு இடம் பதிவு செய்து பணமும் கட்டியிருந்தார். பெற்றோர் இருவரும் சைவம். மெனுவைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு ரொட்டியும் உருளைக்கிழங்கும் கேட்டார்கள். கிழங்கு வந்தது. நடுவில் பிளந்து, வெண்ணெய் வைத்து, மேலே செம்பழுப்பாகப் பொடித்துத் தூவியிருந்தது. அந்த அம்மா முள்கரண்டியால் ஒரு துணுக்கைத் தள்ளிவிட்டு, "இது வறுத்த வெங்காயமா தம்பி?" என்று கேட்டார்.

அது பன்றி இறைச்சி. தட்டை எடுத்துக்கொண்டு நான் உள்ளே ஓடினேன்.

பன்னிரண்டு ஆண்டுகள் சுற்றுலாக் கப்பல்களின் உணவகங்களில் வேலை பார்த்திருக்கிறேன். கடைசி சில ஆண்டுகள் முன்பதிவு மேசையில். இப்போது கரையில் இருந்துகொண்டு, கப்பல் பயணம் போகும் குடும்பங்களுக்குத் திட்டமிட்டுக் கொடுக்கிறேன். அந்த மகனைப் போல, அன்பினால் தவறான மேசையைப் பதிவு செய்தவர்கள் ஏராளம். எந்த உணவகம் சிறந்தது என்றுதான் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்கிறார்கள். சாப்பிடப் போவது யார் என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

கப்பல் டிக்கெட்டிலேயே பிரதான உணவுக்கூடமும் பஃபேயும் அடங்கிவிடும். சிறப்பு உணவகம் என்பது அதற்கு மேல் பணம் கட்டிச் சாப்பிடும் சிறிய இடம். இது புதிய வழக்கமல்ல. 1912-இல் டைட்டானிக் கப்பலிலேயே முதல் வகுப்புப் பயணிகளுக்கென்று தனிக்கட்டணத்தில் ஓர் உணவகம் இருந்தது. லூயிஜி காட்டி என்ற இத்தாலியர் அதை நடத்தினார். இன்று ராயல் கரீபியன் கப்பல்களில் ஸ்டேக்குக்கு 'சாப்ஸ் கிரில்', ஜப்பானிய உணவுக்கு 'இசூமி'. நார்வீஜியன் கப்பல்களில் ஸ்டேக்குக்கு 'கேக்னீஸ்', பிரெஞ்சு உணவுக்கு 'லெ பிஸ்ட்ரோ' என்று பெயர்கள் நீளும். ஓஷியானியா, வர்ஜின் வாயேஜஸ் போன்றவற்றில் இந்த உணவகங்களுக்குத் தனிக்கட்டணம் கிடையாது. ஆனாலும் மேசையைப் பதிவு செய்தாக வேண்டும்.

நம்மவர்கள் செய்யும் முதல் பிழை, தனிக் கட்டணம் வாங்குவதால் அங்கே எல்லாம் கிடைக்கும் என்று நம்புவது. உண்மை நேர்மாறானது. பிரதான உணவுக்கூடத்தின் சமையலறை மிகப் பெரியது. கேட்டதை மாற்றிச் செய்து தர அங்கே ஆளும் பொருளும் இருக்கும். ராயல் கரீபியன் கப்பல்களில் அங்குள்ள ஹெட் வெயிட்டரிடம் முதல் நாளே சொல்லிவைத்தால், இந்திய சைவக் குழம்பும் பருப்பும் தினமும் மேசைக்கு வரும். சிறப்பு உணவகத்தில் சில சமையற்காரர்களும் ஒரே ஒரு மெனுவும்தான். கரையில் ஒரு பொருள் தீர்ந்தால் கடைக்கு ஆள் அனுப்பலாம். கடலில், புறப்பட்ட துறைமுகத்தில் ஏற்றியதை வைத்துக்கொண்டுதான் சமாளிக்க வேண்டும். இரவு ஏழு மணிக்கு வந்து "வேறு ஏதாவது செய்து தாருங்கள்" என்றால், அந்தச் சமையற்காரர் மனம் வைத்தாலும் அவர் கை வெறுங்கைதான்.

சைவம் என்ற சொல்லைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். கப்பலில் 'வெஜிடேரியன்' என்று குறியிட்ட உணவில் முட்டை இருக்கலாம். அவர்கள் கணக்கில் அது தவறல்ல. மெனுவில் பெயர் தெரியாத இன்னும் பல பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. சீசர் சாலட்டின் சாறில் நெத்திலி மீன் அரைத்துச் சேர்ப்பார்கள். இத்தாலிய அரிசி உணவான ரிசொட்டோவைப் பெரும்பாலும் கோழி வேகவைத்த நீரில்தான் கிளறுவார்கள். புதிதாகப் பிசைந்த பாஸ்தாவில் முட்டை உண்டு. காய்ந்த பாஸ்தாவில் பெரும்பாலும் இராது. அசல் பார்மசான் சீஸில் பால் திரிவதற்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்க்கிறார்கள். ஜப்பானிய மீசோ சூப்பின் அடிச்சாறு, நம் மாசிக்கருவாட்டுக்கு நெருங்கிய உறவான காய்ந்த மீனில் இறக்கியது. தாய்லாந்துக் கறிகளில் மீன் சாறோ இறால் விழுதோ இருக்கும். பன்னா கோட்டா என்னும் இனிப்பு உறைவது, விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால்.

ஜப்பானிய இரும்புத்தட்டுச் சமையல் மேசை குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். கண் முன்னே கரண்டி பறக்கும், முட்டை சுழலும். சூடான ஒரே தட்டில் மாட்டிறைச்சி, இறால், காய்கறி எல்லாம் அடுத்தடுத்து வேகும். நடுவில் சுரண்டித் துடைப்பார்கள், கழுவ மாட்டார்கள். அதைச் சகித்துக்கொள்ள முடியாதவரை அந்த மேசையில் உட்கார வைக்காதீர்கள். எள், வேர்க்கடலை, நண்டு, இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது மனச்சங்கடத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. அவர்கள் பதிவு செய்யும்போதே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உணவகத்தில் உட்கார்ந்ததும் மறுபடி வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

நான் எல்லாருக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பதுண்டு: "முட்டை, மீன், இறைச்சி, இறைச்சி வேகவைத்த சாறு, ஜெலட்டின் எதுவும் கூடாது. பால், தயிர், வெண்ணெய் கூடும்." இதை ஆங்கிலத்தில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். பல நாட்டுப் பணியாளர்கள் வேலை பார்க்கும் இடத்தில் 'வெஜ்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள். சாப்பிடும் நாளுக்கு முந்தைய மாலை அந்த உணவகத்தின் வாசலுக்கே போய்ச் சீட்டைக் காட்டினால், அடுத்த நாளுக்குத் தனியாக எடுத்துவைக்கச் சமையலறைக்கு நேரம் கிடைக்கும். என் அனுபவத்தில் இதைவிடப் பலன் தந்த வழி வேறில்லை.

இனி பணம். விளம்பரத்தில் தெரியும் தொகையோடு கணக்கு முடிவதில்லை. ராயல் கரீபியன் 18 சதவீதமும் நார்வீஜியன் 20 சதவீதமும் சேவைக் கட்டணமாகச் சேர்க்கின்றன. தலைக்கு 50 டாலர் என்று போட்டிருந்தால், நால்வருக்கு 18 சதவீதத்தோடு 236 டாலர் ஆகிறது. பானங்கள் பெரும்பாலும் தனி. பயணத்துக்கு முன் இணையத்தில் வாங்கினால் பெரும்பாலும் விலை குறைவு. அந்த விலையும் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். வாங்கிய பிறகு இறங்கினால், கப்பல் புறப்படும் முன் ரத்து செய்து குறைந்த விலையில் மறுபடி வாங்க ராயல் கரீபியன் போன்றவை அனுமதிக்கின்றன. வாரம் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

மூன்று இரவு, ஐந்து இரவு என்று மொத்தமாக விற்கும் பேக்கேஜ் வாங்குகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: பேக்கேஜ் வாங்கியதாலேயே மேசை கிடைத்துவிட்டதாகப் பொருளில்லை. ஒவ்வொரு இரவுக்கும் தனித்தனியாக நேரம் பதிவு செய்ய வேண்டும். மூன்றாம் நாள் வந்து நின்று, இரவு ஒன்பதரைக்குத்தான் இடம் இருக்கிறது என்று நாங்கள் சொன்னபோது முகம் வாடியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பேக்கேஜ் எடுத்தவர்கள் கப்பலில் ஏறியதும் நீச்சல் குளத்தையும் பஃபேயையும் பார்க்கும் முன், முன்பதிவு மேசைக்கு வந்துவிட வேண்டும். நான்கு நாள் பயணத்துக்கு மூன்று இரவு பேக்கேஜ் தேவையில்லை என்பது என் கருத்து. ஓர் இரவு போதும்.

எந்த இரவு? முதல் இரவு பலர் களைப்பில் பஃபேயோடு நிறுத்திக்கொள்வதால் சிறப்பு உணவகங்களில் இடம் எளிதாகக் கிடைக்கும், சில நேரம் சலுகையும் உண்டு. துறைமுகத்தில் இறங்கி நாள் முழுவதும் சுற்றிவிட்டு வரும் இரவில் இரண்டு மணி நேரச் சாப்பாடு முதியவர்களுக்குத் தண்டனை. அரங்கில் பெரிய நிகழ்ச்சி எந்த நேரம் என்று பார்த்து, குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

நேரத்தைப் பற்றிச் சொல்லும்போது கைப்பேசியைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு புக்கெட் போகும் பயணங்களில் கப்பல் பெரும்பாலும் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடும். தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். கரை அலைவரிசை பிடித்த கைப்பேசி 6.30 காட்டும்போது கப்பலில் 7.30. இப்படி ஒரு குடும்பம் சாவகாசமாக நடந்து வந்து, இரும்புத்தட்டுச் சமையல் பாதி முடிந்த மேசையைப் பார்த்துத் திகைத்து நின்றது. அங்கே எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள். தாமதமாக வந்தவருக்காக மறுபடி தொடங்க வழியில்லை. கட்டணமும் திரும்பவில்லை. கேபின் தொலைபேசியிலோ கப்பலின் செயலியிலோ காட்டும் நேரத்தை மட்டுமே நம்புங்கள். ரத்து செய்வதற்கும் கெடு உண்டு. ராயல் கரீபியனில் அது 24 மணி நேரம் முன்.

குழந்தைகளோடு போகிறவர்கள் வயது விதியைப் படியுங்கள். பெரும்பாலான டிஸ்னி கப்பல்களில் 'பாலோ', 'ரெமி' உணவகங்கள் 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே. ஆடை விதியும் அப்படித்தான். அரைக்கால் சட்டைக்காரர்களை நாங்கள் திருப்பி அனுப்பியிருக்கிறோம். பட்டு வேட்டியில் வந்த பெரியவரை வாசல்வரை வந்து அழைத்துப் போயிருக்கிறோம். பத்துப் பன்னிரண்டு பேராகப் போகும் குடும்பங்களுக்கு இணையத்தில் ஒரே மேசை கிடைக்காது, சிறப்பு உணவகங்களில் பெரும்பாலும் இருவர், நால்வர் மேசைகள்தான். இரண்டு மூன்று மேசைகளை ஒரே நேரத்துக்குப் பதிந்துவிட்டு, ஏறியதும் உணவக மேலாளரைச் சந்தித்து அருகருகே கேளுங்கள். மாலை ஆறு மணிக்கு முதல் வரிசையில் அது முடியும்; எட்டு மணிக்கு முடியாது.

அண்மையில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒன்பது பேர் கொண்ட குடும்பம் ஒன்றுக்கு இத்தாலிய உணவகத்தைத் தேர்ந்தெடுத்தோம். இரண்டாம் நாள், மாலை ஆறு மணி. காய்ந்த பாஸ்தா, காய்கறிச் சாறில் கிளறிய ரிசொட்டோ, பார்மசான் தூவக்கூடாது என்று மூன்று வாரம் முன்பே எழுதிக் கேட்டு, சம்மதம் என்று பதில் மின்னஞ்சல் வாங்கி அச்சிட்டுக் கொடுத்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட பாட்டி, கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

"தயிர் கிடைக்குமா தம்பி?"

"காலைப் பஃபேயில் சர்க்கரை சேர்க்காத தயிர் இருக்கும் பாட்டி. இரவுக்கு ஒரு கிண்ணம் வேண்டும் என்று முதல் நாளே ஹெட் வெயிட்டரிடம் சொல்லிவிடுங்கள், மேசைக்கே வந்துவிடும்" என்றேன். பேரன் அதையும் அந்தச் சீட்டின் அடியில் எழுதிக்கொண்டான்.