பேரிடரில் பெற்றோரைத் தவறவிட்ட குழந்தை: எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடும் முன்

வெள்ளமோ புயலோ நிலச்சரிவோ வந்து ஓய்ந்ததும் நிவாரண முகாம் வாசலில் சிலர் வந்து நிற்பார்கள். "அநாதைக் குழந்தைகள் யாராவது இருக்கிறார்களா?" என்று விசாரிப்பார்கள். சிலர் உண்மையாகவே நல்ல மனதோடு வருகிறவர்கள், சிலர் அப்படியில்லை. எந்த மனதோடு வந்தாலும் குழந்தையைக் கையோடு கூட்டிக்கொண்டு போகச் சட்டம் இடம் தரவில்லை. இது தெரியாமல் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, பிறகு எங்கே என்று தேடி அலைந்த சொந்தக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் சட்ட வரலாற்றைச் சுருக்கிவிட்டு, மக்கள் எங்கே ஏமாறுகிறார்கள் என்பதைத்தான் அதிகம் எழுதுகிறேன்.

சட்டம் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். பெற்றோரைப் பிரிந்த குழந்தை யார் கண்ணில் பட்டாலும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் போலீசுக்கோ, 1098 குழந்தை உதவி எண்ணுக்கோ, மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழுவுக்கோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ சொல்லியாக வேண்டும். சொல்லாமல் வைத்திருப்பது குற்றம். குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவெடுப்பது நலக் குழு. தத்துக்குப் போனால் அது காரா எனப்படும் மத்திய ஆணையத்தின் இணையதளப் பதிவு வழியாக மட்டுமே. கடைசி உத்தரவை 2022 செப்டம்பரிலிருந்து மாவட்ட ஆட்சியர் போடுகிறார். பின்னணி இவ்வளவு போதும்.

முதல் பொறி 'அநாதை' என்ற முத்திரை. பேரிடர் முடிந்த முதல் சில வாரங்களில் யார் அநாதை என்று எவராலும் சொல்ல முடியாது. அப்பா வேறு முகாமில் இருப்பார், அம்மா அடுத்த மாவட்ட ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடப்பார். 2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கம் முடிந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு மதக் குழுவினர் 33 குழந்தைகளைப் பேருந்தில் ஏற்றிப் பக்கத்து நாடான டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுபோக முயன்று எல்லையில் பிடிபட்டார்கள். அநாதைகள் என்றார்கள். விசாரித்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். படிக்க வைக்கிறோம் என்ற பேச்சை நம்பி அந்தப் பெற்றோரே அனுப்பி வைத்திருந்தார்கள். 2007இல் சாட் நாட்டிலும் இதே கதை. பக்கத்து நாடான சூடானின் டார்ஃபூர் பகுதியில் நடந்த போரின் அநாதைகள் என்று சொல்லி 103 குழந்தைகளைப் பிரான்சுக்கு விமானம் ஏற்றப் பார்த்தது ஒரு பிரெஞ்சு அமைப்பு. அவர்களிலும் பெரும்பாலோர் சாட் நாட்டிலேயே குடும்பத்தோடு வாழ்ந்த பிள்ளைகள்.

நம் சட்டத்தில் இதற்கு ஒரு உள்ளூர்க் கண்ணி இருக்கிறது. பெற்றோர் இல்லாத குழந்தை மட்டுமல்ல, பாதுகாவலருக்கு வளர்க்க விருப்பமோ வசதியோ இல்லாத குழந்தையும் 'அநாதை' என்ற விளக்கத்துக்குள் வந்துவிடும். வீடும் போய், துக்கத்திலும் இருக்கிற ஒரு பாட்டி, "என்னால எப்படி வளர்க்க முடியும்" என்று அழுகையில் சொன்ன ஒரு வரி வாக்குமூலமாக ஏறிவிட்டால், அதை மாற்றப் பெரும்பாடு படவேண்டும். இப்போதைக்கு வசதியில்லை, ஆனால் பிள்ளை எங்களோடுதான் இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்ன பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்தது, ஸ்டாம்ப் பேப்பர். நோட்டரி வக்கீல் முத்திரை குத்திக் கொடுத்தால் தத்து முடிந்தது என்று பலர் நம்புகிறார்கள். முடியவில்லை. இந்து தத்தெடுப்புச் சட்டப்படி பிள்ளையைத் தத்துக் கொடுக்க உரிமை உள்ளவர்கள் அப்பாவும் அம்மாவும்தான். பாட்டி, சித்தப்பா, அத்தை போன்றவர்கள் நீதிமன்ற அனுமதியில்லாமல் கொடுத்தால் செல்லாது. ஒரு முகாமில் ஒரு அத்தையிடம் வாங்கியிருந்த தாளைப் பார்த்தேன். மேலே முக்கால் பக்கம் காலி. கீழே வலது ஓரத்தில் ஊதா மையில் பெருவிரல் ரேகை. "நிவாரண அரிசிக்குன்னு சொன்னாங்க" என்றார். நிவாரணத்துக்கு வெற்றுத் தாள் தேவையே இல்லை. யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

வெளிநாடு என்ற பேச்சு வந்தால் இன்னும் கவனம் வேண்டும். நாடு விட்டு நாடு தத்துப் போவதற்கான 1993ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியாவும் இருக்கிறது. குழந்தை தத்துக்குச் சட்டப்படி விடுவிக்கப்பட்ட பிறகு, முதலில் இந்தியப் பெற்றோருக்கும் வெளிநாடு வாழ் இந்தியருக்கும்தான் வாய்ப்பு. அதற்கப்புறம்தான் மற்றவர்கள். காராவின் தடையின்மைச் சான்று இல்லாமல் எந்தக் குழந்தையும் தத்தாக நாட்டைத் தாண்ட முடியாது. எனவே பிள்ளையை வெளிநாட்டுக்குக் கடத்த நினைப்பவர்கள் 'தத்து' என்ற சொல்லையே எடுக்க மாட்டார்கள். ஸ்பான்சர் படிப்பு, வைத்தியம், விடுமுறைக்கு ஒரு மாதம் என்பார்கள். முறையான உத்தரவில்லாமல் குழந்தையை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவரும் அந்த ஏற்பாட்டில் கூட இருப்பவரும் மூன்று ஆண்டு வரை சிறை போகலாம். காசுக்குக் குழந்தையைக் கைமாற்றினால் ஐந்து ஆண்டு வரை. ஆஸ்பத்திரி ஊழியர் செய்தால் ஏழு ஆண்டு வரை.

சரி, பிள்ளையைத் தேடுகிறவர்கள் படும் பாட்டுக்கு வருவோம். ஸ்டேஷனில் "எங்க எல்லை இல்லை" என்பார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் சமூக நலத்துறைக்குப் போகச் சொல்வார்கள். அங்கே பாதுகாப்பு அலகைக் கை காட்டுவார்கள். பிள்ளை இருக்கும் இல்லத்துக்குப் போனால் குழு உத்தரவு கேட்பார்கள், குழுவுக்குப் போனால் "இன்னைக்கு அமர்வு இல்ல, எஃப்ஐஆர் காப்பியோட வாங்க" என்பார்கள். அலைகிறவருக்கு அது ஒரு நாள் கூலி. பஸ் காசும் சேர்த்துக் கடன்.

இதில் எதையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. காணாமல் போன குழந்தை பற்றிய புகாருக்கு எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இலேயே சொல்லிவிட்டது. எல்லை தங்களுடையது இல்லையென்றாலும் பதிந்துவிட்டு உரிய ஸ்டேஷனுக்கு அவர்களே அனுப்ப வேண்டும். அமர்வு இல்லாத நாளிலும் குழந்தையைக் குழுவின் ஒரு உறுப்பினர் முன் கொண்டுபோய் நிறுத்தலாம். "ஞாயிற்றுக்கிழமை" என்பது பதில் இல்லை. மனுவை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். தர மறுத்தால் அதே மனுவைப் பதிவுத் தபாலில் ஆட்சியருக்கு அனுப்புங்கள். குழுவைப் பற்றிய குறைகளைக் கேட்க வேண்டியவர் அவர்தான்.

ஆவணமெல்லாம் தண்ணீரில் போயிற்று என்றால் வெறுங்கையோடு நிற்காதீர்கள். அங்கன்வாடிப் பதிவேடு, தலைமை ஆசிரியர் எழுதித் தரும் சான்று, ரேஷன் கார்டின் இணையப் பிரதி, குடும்பப் போட்டோ, அக்கம்பக்கத்தார் இரண்டு பேரின் வாக்குமூலம் எல்லாம் உறவைக் காட்ட உதவும். தாமதம்தான் ஆபத்து. தேடி யாரும் வரவில்லை என்றால், இரண்டு வயது வரையான குழந்தையை இரண்டு மாதத்திலும் அதற்கு மேல் உள்ளவரை நான்கு மாதத்திலும் தத்துக்கு விடுவிக்கலாம். பெற்றோரே ஒப்படைத்திருந்தால் மனம் மாற இரண்டு மாதம் அவகாசம் உண்டு. இதை ஒப்படைக்கும்போது யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

வறுமைக்காக மட்டும் பிள்ளையைக் கொடுக்க நினைப்பவர்கள் இதைக் கேட்டுப் பாருங்கள். மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில், பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை இருக்கிறது. விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில். வருமான வரம்பு கிராமத்தில் ஆண்டுக்கு 72,000 ரூபாய், நகரத்தில் 96,000. பொறி இங்கேயும் உண்டு: இறந்துபோன அப்பாவின் பழைய சம்பளத்தை வைத்து வருமானச் சான்று போட்டுவிடுவார்கள், விண்ணப்பம் அங்கேயே விழுந்துவிடும். சான்றில் இருக்கும் எண்ணைக் கவுண்டரிலேயே பாருங்கள். "ஃபண்ட் இல்லை" என்றாலும் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுப் பதிவு எண் வாங்காமல் நகராதீர்கள்.

வாட்ஸ்அப்பில் வருகிற "பெற்றோரை இழந்த இரண்டு வயதுக் குழந்தை, விருப்பமுள்ளோர் அழைக்கவும்" செய்தியைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். 2021 கொரோனா நேரத்தில் இப்படிப்பட்டவை குவிந்து, உச்ச நீதிமன்றமே தலையிட்டது. அதே ஆண்டு மதுரையில், உயிரோடு இருந்த குழந்தையைக் கொரோனாவில் இறந்ததாகக் கணக்குக் காட்டி விற்ற வழக்கு வந்தது. குழந்தையின் படத்தையும் அடையாளத்தையும் பரப்புவதே குற்றம்; ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். அந்த எண்ணை 1098க்குச் சொல்லுங்கள்.

குழு உங்களுக்கு எதிராக முடிவெடுத்தால் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். நாள் கணக்கு உத்தரவு தேதியிலிருந்து ஓடும். அதனால் நகலை அன்றைக்கே எழுதிக் கேளுங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக ஒருவரைத் தருவார்கள். மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது, தத்து நடவடிக்கை எதுவும் எடுக்க வேண்டாம் என்று இல்லத்துக்கும் குழுவுக்கும் தனித்தனியாகக் கடிதம் கொடுத்து, அதற்கும் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.