ஹார்மோன் சிகிச்சை: 'வளரூக்கி' ஏன் பொருந்தாது

புரோஸ்டேட் புற்றுநோய்க்கான ஹார்மோன் சிகிச்சையை 'வளரூக்கிச் சிகிச்சை' என்று எழுதுவதை இன்னும் எத்தனை நாள் பொறுத்துக்கொள்வது? அந்தச் சொல் சிகிச்சையையே தலைகீழாக்கிவிடுகிறது.

ஹார்மோன் என்ற பெயரை 1905-இல் வழங்கியவர் உடலியல் அறிஞர் ஸ்டார்லிங். 'தூண்டிவிடு' என்னும் பொருளுள்ள கிரேக்க வினைதான் வேர். தமிழில் இயக்குநீர், வளரூக்கி என்கிறோம், இலங்கையில் ஓமோன்.

சரி, வளரூக்கியில் என்ன குறை? எல்லா ஹார்மோனும் வளர்ச்சிக்கானது அல்ல. அட்ரினலின் எதை வளர்க்கிறது? அதைவிடப் பெரிய கேடு, நோயாளிக்கு ஏதோ ஊக்கமருந்து ஏற்றுவதாகப் படிக்கிறவர் நினைத்துக்கொள்வது. உண்மையில் இந்தப் புற்றுக்குத் தீனியே டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன்தான். அதைக் கிடைக்காமல் செய்வதே சிகிச்சை. அதைச் சுரக்கும் விதைகளை (விந்தகங்களை) அகற்றினால் பரவிய நோயும் தணிவதை 1941-இல் காட்டிய மருத்துவர் சார்லஸ் ஹக்கின்ஸுக்கு 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று லியூப்ரோலைடு, கோசரெலின் ஊசிகள் விதைகளின் சுரப்பை நிறுத்துகின்றன. பைகலூட்டமைடு, என்சலூட்டமைடு மாத்திரைகள் செல்லில் அந்த ஹார்மோன் வந்து பற்றிக்கொள்ளும் இடமான ஏற்பியை அடைக்கின்றன. இதில் ஊக்குவது எங்கே இருக்கிறது?

'ஹார்மோன் ஒடுக்கம்' என்று எழுதுகிறவர்களின் எண்ணம் நல்லது. ஆனால் 'ஒடுக்கம்' என்றாலே பலருக்கு நோயெதிர்ப்பு ஒடுக்கிகள்தான் நினைவுக்கு வருகின்றன. கீமோவைப் போல இதிலும் வெள்ளணுக்கள் சரிந்துவிடுமோ என்று குடும்பமே பயப்படுகிறது. நிலைமை வேறு: டெஸ்டோஸ்டிரோன் பொதுவாக நோயெதிர்ப்பை மட்டுப்படுத்துகிற ஹார்மோன். அதை நீக்கினால், நோயெதிர்ப்புக்கான டி செல்கள் முதிர்கிற, வயதோடு சுருங்கிப்போன தைமஸ் சுரப்பி எலிகளில் மறுபடி பருக்கிறது. மனிதர்களிலும் சிகிச்சைக்குப்பின் புரோஸ்டேட்டுக்குள் டி செல்கள் கூடுதலாக நுழைவதைக் கண்டிருக்கிறார்கள். அதற்காக இதை 'எதிர்ப்பு சக்தி மருந்து' என்று தூக்கிவைக்கவும் கூடாது. அந்த எழுச்சி மட்டுமே புற்றை ஒழித்துவிடாது. களைப்பு, சோகை, எலும்புத் தேய்வு எல்லாம் உண்டு. அப்புறம், ஆண் ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கும் அபிராட்டிரோன் என்ற மருந்துடன் சேர்த்துத் தரும் பிரெட்னிசோலோன் ஒரு ஸ்டீராய்டு. நோயெதிர்ப்பைத் தணிக்கும் தன்மை அதற்கு உண்டு. அந்தப் பழியை ஹார்மோன் தடுப்பின் மேல் போடக்கூடாது.

'ஆண்மை நீக்கம்' என்று எழுதுவதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. குறைவது ஒரு ஹார்மோன். நோயாளியின் காதில் விழுவதோ தன் ஆண்மையே போயிற்று என்பது. ஏற்கெனவே உடைந்திருக்கும் மனத்தின் மேல் இப்படி ஒரு சொல்லைப் போடலாமா?

என் தேர்வு 'ஆண் இயக்குநீர்த் தடுப்புச் சிகிச்சை'. இயக்குநீர் கிரேக்க வேர்ப்பொருளை ஒட்டி நிற்கிறது. சுரப்பை நிறுத்துவது, ஏற்பியை அடைப்பது இரண்டும் 'தடுப்பு' என்ற சொல்லுக்குள் அடங்கும். நீளம் என்பார்கள், இருக்கட்டும். ஹார்மோன் என்றே எழுத விரும்புகிறவர்கள் 'ஹார்மோன் தடுப்பு' என்று எழுதட்டும், அதுவும் தெளிவுதான். அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள், அந்த மருந்து உடலில் என்ன செய்கிறது என்று ஒரு பத்தியாவது படித்துவிட்டு எழுத உட்கார வேண்டும்.