நூறைத் தாண்டிய விழுக்காடு

குறைந்த வருமானமுள்ள நாடுகளில் தடுப்பூசிக் கணக்கெடுப்பு வேலைக்குப் போன தொடக்கத்தில், ஒரு மாவட்டச் சுகாதார அலுவலகச் சுவரில், எத்தனை விழுக்காடு குழந்தைகள் ஊசி போட்டிருக்கிறார்கள் என்று காட்டும் ஒரு வரைபடத்தைப் பார்த்தேன். மாதாமாதம் ஏறிய கோடு, ஆண்டுக் கடைசியில் நூறு விழுக்காட்டையும் தாண்டியிருந்தது. அப்போது அதே மாவட்டத்தில் தட்டம்மை பரவிக்கொண்டிருந்தது.

யாரும் பொய்க்கணக்கு எழுதவில்லை. விழுக்காட்டுக்கு மேலே ஓர் எண்ணும் கீழே ஓர் எண்ணும் உண்டு. போட்ட ஊசிகளைச் செவிலியர் கோடு கிழித்துக் கூட்டி அனுப்புவது மேலே உள்ளது. அந்த வட்டாரத்தில் எத்தனை குழந்தைகள் என்பது கீழே. பிறப்புகள் முழுமையாகப் பதிவாகாத நாட்டில், இந்தக் கீழ் எண்ணைப் பழைய மக்கள்தொகைக் கணக்கிலிருந்து வளர்ச்சி விகிதம் போட்டு ஊகிக்கிறார்கள். உண்மையில் 1,000 குழந்தைகள் இருந்து, 800 பேர் ஊசி போட்டிருந்தால் 80 விழுக்காடு. ஊகக் கணக்கு 750 என்று சொன்னால் அதுவே 107 ஆகிவிடும். விடுபட்ட 200 குழந்தைகள் காகிதத்தில் இல்லவே இல்லை. நூறைத் தாண்டிய எண்ணாவது கண்ணை உறுத்தும். இதே பிழையால் 95 என்று வந்து நிற்கும் எண்ணைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். அதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

மேல் எண்ணும் எப்போதும் சுத்தமாக இருப்பதில்லை. 2000இல் தொடங்கிய ‘காவி’ தடுப்பூசிக் கூட்டணி, மூன்று தவணை முத்தடுப்பூசி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், வில்வாத ஜன்னிக்கு எதிரானது) முடித்ததாக நாடுகள் கூடுதலாகக் காட்டிய ஒவ்வொரு குழந்தைக்கும் 20 டாலர் வழங்கியது. அப்படி அறிவிக்கப்பட்ட கூடுதல் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதியை மட்டுமே வீட்டுக் கணக்கெடுப்புகள் உறுதிப்படுத்துவதாக 2008இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு சொன்னது. எண்ணுக்குப் பணம் என்றால் எண் வளரத்தான் செய்யும்.

ஆகவே வீடு வீடாகப் போக வேண்டியிருக்கிறது. 30 ஊர்கள், ஊருக்கு 7 குழந்தைகள் என்பது நெடுங்காலம் இருந்த முறை. ஊர் நடுவில் நின்று பாட்டிலையோ பென்சிலையோ சுழற்றிவிட்டு, முனை காட்டும் திசையில் ஒரு வீட்டைப் பிடித்து, அங்கிருந்து அடுத்தடுத்த வீடுகளுக்குப் போவோம். கைச்செலவு குறைவு, வேகமும் உண்டு. ஆனால் நடு ஊர் வீடுகளே அதிகம் வாய்க்கும், ஊர்க்கோடி தப்பிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் 2018 கையேடு, முதலில் வீடுகளைப் பட்டியலிட்டு அதிலிருந்து குலுக்கலில் தேர்ந்தெடுக்கும் முறைக்கு மாறச் சொன்னது. செலவு அதிகம்தான், ஆனாலும் அதுவே சரி.

12 முதல் 23 மாதக் குழந்தை இருக்கும் வீட்டில் முதல் கேள்வி, “அட்டை இருக்கிறதா?” போட்ட ஊசிகளைக் குறித்துத் தரும் தடுப்பூசி அட்டை அது. அட்டை இல்லையென்றால் தாயின் நினைவுதான் சான்று. முகாமில் கொடுத்த போலியோ சொட்டும் நிலையத்தில் போட்ட ஊசியும் அந்த நினைவில் கலந்துவிடும். பிள்ளைகள் நான்கைந்து என்றால் யாருக்கு எத்தனை தவணை என்று எந்தத் தாயால் சொல்ல முடியும்?

ஒரு வீட்டில், “எல்லாம் போட்டாச்சு” என்றார் அந்தப் பெண். அட்டை தகரப் பெட்டிக்குள். சாவி வயலுக்குப் போன கணவரிடம். உடன் வந்த இளைஞர் அவர் சொன்னதையே எழுதிக்கொண்டு நகரலாம் என்றார். நான் சாயங்காலம் திரும்பி வருவதாகச் சொன்னேன். வந்து பார்த்தால், முத்தடுப்பூசி மூன்று தவணையும் இருந்தது. தட்டம்மைக் கட்டம் மட்டும் காலி. ஒன்பதாம் மாதம் அவர் போகாமல் இல்லை. தட்டம்மை மருந்து பத்துத் தவணைக் குப்பியில் வருகிறது. கலக்கிய ஆறு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மீந்தது வீண். ஒரு குழந்தைக்காகக் குப்பியைத் திறக்கத் தயங்கி, வேறொரு நாள் வரச் சொல்லியிருக்கிறார்கள். நெடுந்தொலைவு நடந்துபோனவர் மறுபடி போகவில்லை. மருந்து வீணாவதை எண்ணித் தயங்கிய செவிலியரையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. ஆனால், ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறந்துவிட வேண்டும் என்றுதான் பயிற்சிகளில் சொல்லி வருகிறேன். இந்தக் காரணம் எந்த விழுக்காட்டிலும் வராது. அட்டையின் அந்தக் காலிக் கட்டம்தான் காட்டிக்கொடுத்தது. அதனால்தான், குழந்தைக்கு ஒரு வயது ஆனதும் அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று தாய்மாரிடம் விடாமல் கேட்டுக்கொள்கிறேன்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சுகாதார அலுவலகங்கள் கூட்டி அனுப்பும் கணக்கையும் வீட்டுக் கணக்கெடுப்பையும் ஒப்பிட்டு ஆண்டுதோறும் மதிப்பீடு வெளியிடுகின்றன. அதன்படி 2024இல் முத்தடுப்பூசியின் முதல் தவணைகூடப் பெறாத குழந்தைகள் உலகில் 1 கோடியே 43 லட்சம் பேர்.

முதலில் சொன்ன மாவட்டத்தில், செயற்கைக்கோள் படத்தை வைத்து வீடுகளைப் புதிதாகப் பட்டியலிட்டோம். ஓடைக்கு அப்பால், அலுவலகத்தின் ஊர்ப்படத்தில் இல்லாத ஏழெட்டுக் கூரைகள் தெரிந்தன. நடந்து போய்ச் சேர்ந்தோம். வாசலில் குழந்தையோடு நின்ற பெண்ணிடம் அட்டை இருக்கிறதா என்று கேட்டேன்.

“எந்த அட்டை?” என்றார்.