மேசை மேல் மட்டும் உட்காராதீர்கள்

நியூசிலாந்தின் ரோட்டோருவா ஊரில் சுற்றுலா வழிகாட்டியாக இருக்கிறேன். இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மராயேவுக்கு நம் குடும்பங்களை அழைத்துப் போகும்போது, வண்டியை விட்டு இறங்கும் முன்பே பத்து நிமிடம் பேசிவிடுவேன். மராயே காட்சிக்கூடம் அல்ல, ஒரு வம்சத்தின் வீடு. நடுவில் நிற்கும் செதுக்குவேலை மண்டபம் அவர்களுடைய மூதாதை ஒருவரின் உடல்: முகப்பில் இருபுறமும் சரியும் பலகைகள் அவர் கைகள், கூரையின் நீளத்துக்கு ஓடும் உத்தரம் முதுகெலும்பு. செருப்பைக் கழற்றச் சொல்லி நம்மவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்தான், ஆனால் சிக்கல் வேறு இடத்தில் வருகிறது.

அவர்களுக்குத் தலை 'தபு', அதாவது புனிதம். சாப்பாடு அந்தப் புனிதத்தைக் கலைத்துவிடும் என்பதால் இரண்டையும் எப்போதும் தள்ளியே வைப்பார்கள். அதனால் தலையணை மேல் உட்காரக் கூடாது, சாப்பாட்டு மேசையில் தொப்பி வைக்கக் கூடாது, மேசை மேல் உட்காரவே கூடாது. ஒருமுறை களைத்துப்போன சின்னப் பையன் ஒருவன் உணவுக்கூடத்தில் மேசை மேல் ஏறிக் காலை ஆட்டிக்கொண்டிருந்தான். பரிமாறிக்கொண்டிருந்த பாட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு அதைத் தட்டிக் காட்டினார். அவன் இறங்கியதும் ஈரத்துணி கொண்டுவந்து மேசையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை துடைத்தார், அவன் அப்பா தலைகுனிந்து நின்றார். முன்கூட்டியே சொல்லாதது என் தவறு. அந்தப் பத்து நிமிடம் அன்றைக்கு ஆரம்பித்தது.

வரவேற்பைப் பொறுத்தவரை, வீட்டுப் பெண் ஒருவர் குரலெடுத்து அழைத்த பிறகே உள்ளே நடக்க வேண்டும். சில இடங்களில் ஒரு வீரர் ஈட்டியோடு வந்து, கண்ணை உருட்டி நாக்கை நீட்டிச் சின்னக் கிளை ஒன்றைத் தரையில் வைப்பார். அப்போது தயவுசெய்து சிரிக்காதீர்கள். வந்தது நட்பாகவா சண்டைக்கா என்று கேட்கிற கேள்வி அது, நம் பக்கத்துப் பெரியவர் அந்தக் கிளையை எடுப்பதுதான் பதில். அப்புறம் பேச்சுகள். நம் பக்கம் பேசி முடித்ததும் நாம் ஒரு பாட்டுப் பாட வேண்டும், ஆகவே எல்லோருக்கும் தெரிந்த பாட்டாக ஒன்றைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், சினிமாப் பாட்டானாலும் சரி. கடைசியில் நெற்றியும் மூக்கும் தொட்டு மூச்சைப் பகிர்வார்கள். கூச்சமாக இருக்கும், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள்.

மலைக்கும் இதே மரியாதைதான். 1887இல் தோங்காரிரோ எரிமலைச் சிகரங்களை நாட்டுக்குக் கொடுத்தவர் ஙாத்தி தூஃபாரெத்தோஆ இனத்தலைவர் தே ஹேயுஹேயு துகினோ. நடைபாதையில் தாராளமாக நடக்கலாம். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' சினிமாவில் பார்த்த மலை என்பதற்காக, அந்தச் சிகரங்களில் ஒன்றான 2,287 மீட்டர் உயர ஙௌருஹொயேயின் உச்சிக்கு ஏறாதீர்கள், வழியில் உள்ள பச்சை ஏரிகளின் தண்ணீரைத் தொடாதீர்கள். அந்த மக்கள் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்.

ஙௌருஹொயே என்ற பெயரையும் சரியாகச் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலக்காரர்கள் அதன் முதல் எழுத்தில் திணறுவார்கள். நமக்கு அரிச்சுவடியில் படித்த 'ங' இருக்கிறது, அதை வைத்தே ஆரம்பிக்கலாம்.