இஸ்திரிப் பெட்டியால் இறுகும் இறக்கை

"பாகங்களாக வாங்கிச் சொந்தமாகக் கிட் விமானம் கட்டுகிறவர்கள் இறக்கைத் துணியை இஸ்திரி போட்டு இறுக்குகிறார்களாமே, சூடு பட்டால் துணி தளரத்தானே வேண்டும்? 230 வோல்ட்டைத் தாங்கும் வீட்டு சுவிட்ச் விமானத்தின் 12 வோல்ட்டுக்கு ஏன் ஆகாது?" வாசகர் ஒருவர் ஒரே மூச்சில் இரண்டையும் கேட்டிருக்கிறார்.

முதலில் துணி. மரத்திலோ உலோகக் குழாயிலோ செய்த எலும்புக்கூட்டின் மேல் துணியைப் போர்த்தி, இறுக்கி, பூச்சு அடித்தால் எடை குறைந்த இறக்கை கிடைக்கிறது. பழைய விமானங்களில் லினனும் பருத்தியும் இருந்தன. அவற்றை இறுக்கியது டோப் என்கிற பூச்சு. கரைப்பான் ஆவியாக ஆவியாக அது சுருங்கித் துணியையும் இழுத்துக்கொள்ளும். பூச்சு காய்ந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் இந்த இழுப்பு தொடரும் என்பதுதான் அதில் இருந்த தொல்லை.

பாலியஸ்டர் வேறு வழியில் இறுகுகிறது. உருகிய பாலியஸ்டரை நுண்துளைகள் வழியே பிதுக்கி, பிறகு பல மடங்கு நீளத்துக்கு இழுத்துத்தான் நூலாக்குகிறார்கள். உருகிய நிலையில் நூடுல்ஸ் போலச் சுருண்டு கிடந்த மூலக்கூறுச் சங்கிலிகள் இந்த இழுப்பில் நூலின் திசையில் நீண்டு அடுக்கப்படுகின்றன. சில இடங்களில் அவை நெருங்கிப் படிகமாகி ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். நடுவே இருக்கும் ஒழுங்கற்ற பகுதிகளோ நீட்டப்பட்ட நிலையிலேயே குளிர்ந்து உறைந்துவிடும். நீட்டி வைத்த சங்கிலிக்கு இருக்க ஒரே வடிவம்தான். சுருளவோ எண்ணற்ற வடிவங்கள். சுமார் 70, 80 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் அந்தப் பகுதிகளுக்கு அசைய இடம் கிடைக்கிறது, சங்கிலி சுருளத் தொடங்குகிறது. நூல் நீளத்தில் குறுகுகிறது. துணியின் ஓரங்களைச் சட்டத்தில் ஒட்டி வைத்திருப்பதால் குறுக முடியாத நூல், அந்த முயற்சியை இழுவிசையாகச் சட்டத்துக்குக் கொடுக்கிறது. இரப்பர் பட்டை சுருங்குவதற்கும் இதே காரணம்தான்.

இதில் என்னை எப்போதும் மயக்குவது அடுத்த படி. வெப்பநிலை ஏற ஏற, முன்பு பூட்டிக் கிடந்த சிறு படிகங்களும் ஒவ்வொன்றாக இளகி, அவற்றில் மாட்டியிருந்த சங்கிலிகளை விடுவிக்கின்றன. ஆகவே ஒவ்வொரு வெப்பநிலைக்கும் ஓர் இறுக்கம் உண்டு. 121 டிகிரியில் பத்து முறை தேய்த்தாலும் அந்த 121-க்குரிய இறுக்கத்தைத் தாண்டாது. இன்னும் இறுக வேண்டுமென்றால் சூட்டைத்தான் கூட்ட வேண்டும். நடைமுறையில் முதலில் 250 ஃபாரன்ஹீட் (121 செல்சியஸ்), பிறகு 300 (149), கடைசியாக 350 (177). முதல் சுற்று சுருக்கங்களை எடுத்து இழுப்பை எல்லாப் பக்கமும் சமமாக்க. கடைசிச் சுற்று இறுக்கத்தை நிலைநிறுத்த. மொத்தத்தில் துணி சுமார் 10 சதவீதம் சுருங்கும். கொளுத்தும் வெயிலில் நிற்கும் இறக்கை இந்தச் சூட்டின் பக்கத்தில்கூட வராது என்பதால் இறுக்கம் பிறகு மாறுவதில்லை. 375 ஃபாரன்ஹீட்டைத் (190 செல்சியஸ்) தாண்டினால் கதை தலைகீழ்: நூலின் ஒழுங்கே குலைந்து துணி தளர்ந்துவிடும், அதை மறுபடி இறுக்கவே முடியாது. வாசகர் சொன்ன தளர்ச்சி இங்கேதான் நிஜம்.

சட்டைத் துணியும் பாலியஸ்டர்தானே என்றால், அதை ஆலையிலேயே சூட்டில் நிலைப்படுத்திச் சுருங்கவிடாமல் செய்துவிடுகிறார்கள். விமானத் துணி நெய்த பின் அப்படிச் செய்யாமல் விடப்பட்டது. 

பாலியஸ்டர் இழையை 1941-இல் இங்கிலாந்தில் ஜான் ரெக்ஸ் வின்ஃபீல்டும் ஜேம்ஸ் டென்னன்ட் டிக்சனும் உருவாக்கினார்கள். அதற்கு 21 ஆண்டு முன்பு, 1920-இல், நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் இருக்க முடியும் என்று ஹெர்மன் ஷ்டவுடிங்கர் எழுதியபோது சக வேதியியலாளர் பலர் ஏற்கவில்லை. நோபல் பரிசு 1953-இல்தான் வந்தது. உடனடிப் பயன் என்ன என்று கேட்டுக் கேட்டு ஆய்வுக்குப் பணம் ஒதுக்கும் குழுக்கள் இந்த 33 ஆண்டுகளை மனத்தில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி வேலை. இஸ்திரிப் பெட்டியின் திருகில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். வெப்பம் கடத்தும் பசை தடவி, அடித்தட்டில் வெப்பமானியைப் பொருத்தி அளந்து, 250, 300, 350 வரும் இடங்களில் திருகில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அகச்சிவப்பு வெப்பமானி பளபளக்கும் தட்டில் குறைத்துக் காட்டும். அதை நம்பிச் சூட்டை ஏற்றினால் துணி போய்விடும். சூடான காற்றை ஊதும் ஹீட் கன் வேண்டவே வேண்டாம், அதன் சூட்டுக்கு அளவே இல்லை. ஒட்டிய ஓரங்களின் மேல் முழுச் சூட்டை வைத்தால் பசை இளகி, இழுப்பில் துணி நழுவும். மெல்லிய சட்டமுள்ள இலகு விமானங்களுக்கு 250-உடன் நிறுத்தச் சொல்லிக் கையேட்டில் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மீறினால் இறக்கையின் பின்விளிம்பு, விலாக்களுக்கு (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்களுக்கு) இடையே உள்ளே வளைந்துகொள்ளும். துணி முரசு போல ஒலித்தால் பலம் என்பது இந்தத் தொழிலில் ஒட்டிக்கொண்ட மூடநம்பிக்கை. ஒலி இழுப்பைச் சொல்லும், நூலின் வலிமையைச் சொல்லாது. வெயிலில் பாதி செத்த துணியும் நன்றாகவே முழங்கும்.

பாலியஸ்டருக்கு எமன் புற ஊதாக் கதிர். முதல் பூச்சு இழைகளுக்கு நடுவே ஊறி இருபுறமும் பிடித்துக்கொள்ள வேண்டும். பாலியஸ்டர் எதையும் உறிஞ்சாது, பிடிப்பு முழுக்க பூச்சு இழைகளைச் சுற்றிப் பிணைந்துகொள்வதில்தான். அதன் மேல் அலுமினியத் துகள் கலந்த வெள்ளிப் பூச்சு. உள்ளே ஒரு பல்பைப் பிடித்து வெளியிலிருந்து பாருங்கள். வெளிச்சம் கசிந்தால் போதவில்லை, கசிவு நின்றால் நிறுத்திவிடலாம். மேற்கொண்டு அடிப்பது வெறும் எடை.

பறக்கும்போது இறக்கையின் மேற்புறத் துணியைக் காற்று வெளியே உறிஞ்சும். ஓரத்துப் பசை மட்டும் போதாது, துணியை விலாக்களோடு தைக்க வேண்டும். துணியை இறுக்கி, முதல் பூச்சு அடித்த பிறகே தையல். நீண்ட ஊசியால் மெழுகு நூலை விலாவைச் சுற்றிக் கொண்டுவந்து, ஒவ்வொரு தையலிலும் தனி முடிச்சு. ஒன்று அறுந்தால் அடுத்தது அவிழக் கூடாது. இடைவெளியை விமானத்தின் உச்ச வேகத்தை வைத்துக் கையேடு சொல்லும். புரொப்பெல்லர் காற்று அடிக்கும் பகுதியில் இன்னும் நெருக்கம்.

துணி மூடுமுன் இறக்கை விளக்குகளின் ஒயர்கள் உள்ளே போயிருக்க வேண்டும், பின்னாளில் இன்னொரு ஒயர் இழுக்க ஒரு வெற்று நூலும். மர இறக்கையும் துணியும் மின்சாரம் கடத்தாது, ஆகவே எர்த்துக்குத் தனி ஒயர்.

சுவிட்சுக்கு வருவோம். வீட்டு மின்சாரம் (ஏசி) நொடிக்கு 100 அல்லது 120 முறை பூஜ்யத்தைத் தொடுகிறது. சுவிட்ச் திறக்கும்போது முனைகளுக்கு இடையே காற்றில் பாயும் மின்வில் அந்தக் கணத்தில் தானாக அணைந்துபோகும். பேட்டரி மின்னோட்டத்துக்கு (டிசி) அந்த ஓய்வு இல்லை. இடைவெளி போதுமான அளவு விலகும்வரை வில் எரிந்து தொடுமுனையைத் தின்னும். வெள்ளி முனைகளுக்கு நடுவே வில் நிலைக்கச் சுமார் 12 வோல்ட் வேண்டும். பேட்டரி சார்ஜ் ஆகும்போது 14 வோல்ட்டில் ஓடும் 12 வோல்ட் விமானம் அந்த விளிம்பில் இருக்கிறது, 28 வோல்ட் விமானத்தில் தேய்மானம் பல மடங்கு. ஆகவே சுவிட்சின் முதுகில் எழுதியிருக்கும் 250 வோல்ட் ஏசி ஆம்பியரைப் பார்க்காதீர்கள், டிசி ஆம்பியர் எவ்வளவு என்று பாருங்கள்.

சுமையையும் பாருங்கள். இழை பல்பின் குளிர்ந்த இழை, எரியும் நேரத்து மின்னோட்டத்தைப்போல் சுமார் பத்து மடங்கை முதல் கணத்தில் இழுக்கும். முனைகள் ஒட்டிக்கொள்வது அப்போதுதான். பேட்டரியை இணைக்கும் பெரிய ரிலேயான கான்டாக்டரின் சுருளோ அணைக்கும்போது பழிவாங்கும். அதில் சேர்ந்த காந்தப் புலம் சரியும்போது நூற்றுக்கணக்கான வோல்ட் துடிப்பு எழுந்து, அந்தச் சுருளை இயக்கும், சுமாராக ஓர் ஆம்பியர் மட்டுமே கடத்திய மாஸ்டர் சுவிட்சைக் கரித்துவிடும். சுருளின் குறுக்கே 1என்4007 போன்ற ஒரு டயோடு போதும், கோடு உள்ள முனை பாசிட்டிவ் பக்கம். மாற்றிப் போட்டால் நேராக ஷார்ட். முனை இணைப்புகளைச் சால்டர் செய்வதைவிட நல்ல கருவியால் நசுக்கிப் பிடிக்கும்படி கிரிம்ப் செய்யுங்கள். ஈயம் ஊறி விறைத்த ஒயர் அதிர்வில் அந்த விளிம்பிலேயே முறியும்.

எஞ்சின் சுழற்சியிலேயே பொறி உண்டாக்கும், பேட்டரி தேவையில்லாத பற்றவைப்புக் கருவியான மேக்னெட்டோவின் சுவிட்ச் மட்டும் எதிர்விதி. அது மூடியிருந்தால் பற்றவைப்பு எர்த் ஆகி எஞ்சின் நிற்கும், திறந்திருந்தால் உயிரோடு இருக்கும். மேக்னெட்டோவிலிருந்து சுவிட்சுக்குப் போகும், பி-லீட் எனப்படும் ஒயர் எங்காவது அறுந்தால், சாவி ஆஃபில் இருந்தாலும் புரொப்பெல்லரைக் கையால் திருப்பும்போது எஞ்சின் பற்றிக்கொள்ளலாம். இந்த ஒயரைச் சுற்றிய உலோக உறையான ஷீல்டையும் இரு முனைகளையும் தனியாகச் சோதித்த பிறகே துணியால் மூடுங்கள்.